எதிரியின் பக்கங்கள்

நம் படை தாக்கினால் எதிரி பதிலுக்கு என்ன செய்வான் என்று, எதிரித் தளபதியாகவே தன்னை நினைத்துக்கொண்டு கையால் எழுதிக் கொடுப்பதுதான் உளவுப் பிரிவில் கிரிதரின் வேலை. இம்முறை மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பாவின் திவசத்துக்குத் திருத்தணி வந்திருந்தார்.

காலை ஏழரைக்கு, பிரிவில் அவருக்குக் கீழே இருக்கும் அம்மையார்குப்பத்துக்கார ஹவில்தார் அங்கிருந்து போனில் அழைத்தார்.

"மூணு பக்கமும் அப்படியே நடந்துகினு இருக்குது சார். நாலாவதுல எட்டு மணிக்குக் கிழக்குக் காவலரணை அடிப்பேன்னு எழுதியிருக்கீங்களே?"

"மூணுதானேய்யா எழுதினேன்?"

"உங்க கையெழுத்துதாங்க."

அந்தக் காவலரணில்தான் மனைவி தேவசேனாவின் தம்பி இருந்தான். கிரிதர் வாதாடவில்லை. எல்லாரையும் பின்னாலிருக்கும் ஓடைப் பள்ளத்துக்கு அனுப்பச் சொன்னார். எட்டு மணிக்குக் காலி அரண்மேல் குண்டு விழுந்தது.

எட்டு பதினைந்துக்கு ஹவில்தார் மறுபடி அழைத்தார். "அஞ்சாவது பக்கமும் இருக்குதுங்க சார். 'அவர்கள் ஓடைப் பள்ளத்துக்குப் போவார்கள். எட்டு இருபதுக்கு அங்கே அடிப்பேன்.'"

தேவசேனா சிரித்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். "பாவா, தம்பி மெசேஜ் போட்டிருக்கான். பள்ளத்துல பத்திரமா இருக்கானாம்."

"உடனே அவங்கள அங்கிருந்து..." என்று கிரிதர் தொடங்கினார். மறுமுனையில் ஹவில்தார் அடுத்த பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.