பதிவில் விழுந்த சத்தம்

மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலைச் சாத்தினாள்.

ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பிறகு அந்த மலேசிய இணைய வானொலியின் பக்கத்தில் நிகழ்ச்சியை ஓடவிட்டாள்.

“வணக்கம், உங்களோடு மதிவதனி.”

மகளின் குரல். திரையில் அலை அலையாக ஏறி இறங்கியது.

அந்தப் பக்கத்தில் கேட்கத்தான் முடியும். எடுத்து வைத்துக்கொள்ள வழியில்லை. அடுத்த வாரம் புதியது வந்ததும் இது போய்விடும். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் கணினியில் ஓடுவதையே மைக் வைத்துப் பதிந்துகொள்வாள். வீட்டில் டம்ளர் விழுந்தாலும் அதுவும் சேர்ந்து பதிவாகும். கணவர் மார்க்கெட்டுக்குப் போகும் நேரம்தான் தோது.

மகள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய் நாலு வருஷம். இனி யாரும் அவளோடு பேசக்கூடாது என்று அன்று அவர் சொன்னார். அவள் பெயரைக்கூட அதன்பின் அவர் எடுத்ததில்லை. இவளும் மீறியதில்லை. கேட்பதோடு சரி.

வாசல் கதவு திறந்தது.

மழை பிடித்துக்கொண்டதால் பாதி வழியில் திரும்பிவிட்டார்.

நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. கை நகரவில்லை.

ஈரப் பையோடு அவர் அறை வாசலில் நின்றார். மகள் நேயர் ஒருவரின் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அவர் உள்ளே வரவில்லை. நகரவும் இல்லை.

கடிதம் முடியும் தறுவாயில், சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“தொண்ட கட்டிருக்கு அவளுக்கு. சுக்குத் தண்ணி வச்சுக் குடிக்கச் சொல்லு.”

பையைச் சமையலறையில் வைக்கப் போய்விட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் பதிவைப் போட்டுக் கேட்டாள். பதினோராவது நிமிடத்தில், மகளின் குரலுக்கு மேலே அவர் குரல் விழுந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் அலை உயரமாக எழும்பியிருந்தது.

வேண்டாத சத்தத்தைத் தேடி எடுத்து அழிப்பது அவளுக்குக் கைவந்த வேலை. போன வாரம் ஒரு குக்கர் விசிலை அப்படித்தான் எடுத்தாள்.

பன்னிரண்டு வினாடி. தேர்ந்தெடுத்தாள்.

அழிக்கவில்லை. அதை மட்டும் தனியாகச் சேமித்துத் தன் போனுக்கு மாற்றினாள். மகளின் எண் அதில் நாலு வருஷமாக அப்படியே இருந்தது. ஒரு வார்த்தையும் எழுதாமல் அனுப்பினாள்.

மகள் உடனே பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது.

பதில் வரவில்லை.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சமையலறையில் அவருடைய போன் அடித்தது. வெகுநேரம் அடித்தது.

பிறகு நின்றது.

போனை எடுத்து அவர் செருமிக்கொள்வது கேட்டது.