ருசி பார்க்கக் கூடாது

“கையைக் கழுவிட்டீங்களாங்கக்கா?”

சீத்தாப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்த இசபெல்லா நிமிர்ந்து பார்த்தாள். கடத்தூரில் இந்தச் சின்ன டிபன் கடையைப் போட்டு, கூடவே ஐஸ்கிரீமும் செய்து விற்க ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“கழுவாம பழத்துல கை வைப்பனாங்க?” என்றாள்.

“தப்பா நினைக்காதீங்க” என்றான் எதிரே நின்ற முனிராஜ். பக்கத்துக் கிராமத்துக்காரன். தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

வந்தபோது நன்றாகத்தான் பேசினான். பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கினேன், எல்லாம் என்றைக்கோ செய்து அடைத்து வைத்த ஐஸ்தான் இருக்கிறது, இன்றைக்குச் செய்ததுதான் வேண்டும், என் பொண்ணு ஆசைப்பட்டது என்றான். இசபெல்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மத்தியானம் போடுகிற ஐஸ்கிரீமை அவனுக்காகவே காலையில், இட்லி வியாபாரத்துக்கு நடுவில் போட உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். விலை ஸ்டிக்கர்கூட உரிக்காத புது டப்பா.

“உங்க கப்பு வேணாங்க. இதுல போட்டுக் குடுங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவன் பார்வை சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தில், கையில் குழந்தையோடு நிற்கிற மாதாவின்மேல் நிலைத்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான்.

கடை திறந்த வாரத்தில் ஒரு பெரிய மனுஷர் இதே படத்தைப் பார்த்ததும், ‘வேதக்காரங்க கடையா?’ என்று பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அந்த கிளாஸைக் கழுவும்போது அவள் அழுதாள். இனி ஒருத்தரிடமும் இப்படிக் கேவலப்படக் கூடாது என்று அன்றே முடிவு செய்திருந்தாள்.

பாலையும் பழத்தையும் ஐஸ்கிரீம் மெஷினின் உருளையில் ஊற்றி மூடினாள். வாளியில் அதை இறக்கி, சுற்றிலும் ஐஸ்கட்டியும் கல்லுப்பும் கொட்டி மோட்டாரைப் போட்டாள். கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது.

“அக்கா, இன்னொண்ணு...” என்று இழுத்தான் முனிராஜ். “யாரும் ருசி பாக்கக் கூடாதுங்க.”

“பாக்காம எப்படிங்க? சுத்தியும் உப்புத் தண்ணி. ஒரு சொட்டு உள்ள இறங்குனாலும் வாயில வைக்க முடியாது. நான் வாயில போட்டுப் பாத்துட்டுத்தான் யாருக்கும் குடுப்பேன்.”

“உப்பா இருந்தாலும் பரவால்லீங்க.”

இசபெல்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உப்புக் கரித்தாலும் பரவாயில்லையாம், அவள் வாய் பட்டால் மட்டும் ஆகாதாம். வெளியே போய்யா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் அவனுக்கு போன் வந்தது. வாசலுக்குப் போய் நின்று பேசினான். “சொந்தக்காரங்கல்லாம் வந்துட்டாங்களா? நான் வர்ற வரைக்கும் ஆரம்பிக்க வேணாம்னு சொல்லு.”

ஓஹோ, பொண்ணுக்குப் பிறந்தநாள் போல என்று நினைத்தாள். இசபெல்லாவின் கைவேலை மட்டும் வேண்டும், அதை நாலு சொந்தக்காரருக்கு முன்னால் சுத்தபத்தமாக வைத்துப் பெருமையடிக்க வேண்டும்.

மோட்டாரை நிறுத்தி மூடியைத் திறந்தாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் நின்றான். கரண்டி நிறைய அள்ளி வாயில் வைத்து, நாக்கைச் சுழற்றி ஒட்ட நக்கினாள். அதே எச்சில் கரண்டியால் ஐஸ்கிரீமைக் கிளறி, அள்ளி, அவனுடைய புது டப்பாவில் போட்டு அமுக்கினாள்.

உப்பு துளியும் இல்லை, ருசி அபாரமாக வந்திருந்தது. அவளுக்கு மனசு ஆறிப் போயிற்று.

டப்பாவை வாங்கி, தான் கொண்டு வந்திருந்த தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ்கட்டிக்கு நடுவில் பதித்து வைத்தான் முனிராஜ். பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி அவ்வளவு பதமாக வைத்தான்.

அவள் விடவில்லை. “பொண்ணையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. எங்க கடையில உக்காந்து தின்னா ஆகாதாக்கும்?”

“கூட்டிட்டுப் போப்பான்னு அவளும் எத்தனையோ தடவை கேட்டாளுங்க. சளி புடிக்கும்னு நாந்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்.”

“அவ்ளோ சுத்தம் பாக்கற பொண்ணா?”

முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. “எங்கீங்க... மண்ணுல விழுந்த முட்டாயைக்கூட எடுத்து ஊதித் தின்னுருவா.”

“அப்புறம் நான் ருசி பாத்தா மட்டும் என்னங்க கொறைஞ்சு போவுது?”

பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவன் பதறிப்போய்த் திரும்பினான். அவன் கண் இரண்டும் கலங்கியிருந்ததை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

“ஐயோ, உங்கள நெனச்சு சொல்லலீங்கக்கா. படையல்ல வைக்கறது எச்சில் படக் கூடாதில்லீங்களா...” பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

“இன்னைக்கு எம் பாப்பாவுக்குக் காரியம்ங்க.”