நூறாவது வசவு

“முதல்ல யார் யார் வந்திருக்காங்கன்னு எழுதுடி. எதையும் முறையா செய்யணும்” என்றாள் கதாசிரியை.

எழுத அதிகமில்லை. மாடி அறையின் ஒரே நாற்காலியில் கதாசிரியை. கட்டில் ஓரத்தில் பாடகி. ஜன்னல் திண்டில் நோட்டும் பேனாவுமாக ஓவியக்காரி. ஆக மொத்தம் மூவர். அவர்களுக்கு வேண்டிய நான்காவது ஆள், வீட்டுக்காரம்மா, கீழ்த்தளத்தில்.

ஐந்து வருடங்களாக மூவரும் அந்த வட்டாரத்துப் பெண்களின் வாயில் மட்டுமே வாழும் பழைய வசவுகளைச் சேகரித்தார்கள். குழாயடி, சந்தை, பேருந்து நிறுத்தம் என்று ஓர் இடம் விடவில்லை. கதாசிரியை எழுத, பாடகி ஏற்ற இறக்கத்தைக் குறிக்க, ஓவியக்காரி படம் போட, தொண்ணூற்றொன்பது தேறியிருந்தன.

பதிப்பகம் விளம்பரத்தில் கேட்டதோ நூறு. காதால் கேட்டதாக இருக்க வேண்டும், கற்பனை செல்லாது. இன்று நான்கு மணிக் கூரியரில் போகாவிட்டால், வேறு யாருடைய தொகுப்பாவது புத்தகமாகிவிடும்.

“கீழேயே ஒரு புதையல் இருக்கு. வாயைத் திறக்க மாட்டேங்குதே!” என்று பெருமூச்சு விட்டாள் பாடகி.

வீட்டுக்காரம்மாவுக்குத் தெருவில் ‘வெடிகுண்டு’ என்று பெயர். அவர் திட்டினால் அடுத்த தெருவில் ஜன்னல் சாத்துவார்கள். ஆனால் ஒரு மாதமாக ஆளே மாறிவிட்டார். தியான வகுப்பில் சேர்ந்துவிட்டதாகப் பேச்சு.

“கட்டிலை இழுங்கடி” என்றாள் கதாசிரியை.

மூவரும் கட்டிலை அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நாலு தடவை இழுத்தார்கள்.

கீழிருந்து குரல் வந்தது. “இடுப்பு பிடிச்சுக்கப் போகுதும்மா, மெதுவா!”

பாடகி சுருதி சேராமல் கால் மணி நேரம் கத்தினாள்.

“நல்ல சாரீரம்மா உனக்கு!”

ஓவியக்காரி பொறுமையிழந்து, தூரிகை கழுவிய தண்ணீரைக் கீழே காய்ந்த வெள்ளைப் போர்வைமேல் கவிழ்த்தாள். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“பரவாயில்ல கண்ணு. வெறும் வெள்ளையா இருந்துச்சு, இப்பப் பூப்போட்ட மாதிரி ஆயிடுச்சு.”

“போச்சு! அஞ்சு வருஷ உழைப்பும் போச்சு” என்று தலையில் கைவைத்தாள் கதாசிரியை. “எல்லாம் உன்னாலதான். நீ கத்தின கத்துல அவங்களுக்கே பரிதாபமாயிடுச்சு.”

“நானா? போர்வையில தண்ணி ஊத்தினவ யாரு?” என்று பாடகி ஓவியக்காரி பக்கம் திரும்பினாள். “உன் விரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னல் போட்டுக்க!”

“நீ வாயைத் திறந்தா பல்லெல்லாம் வரிசை விட்டு எழுந்து போக!” என்று எகிறினாள் ஓவியக்காரி.

“உங்க ரெண்டு பேர் நாக்கும் முடிச்சு விழுந்து மூணு நாள் அவிழாம கிடக்க!” என்று கதாசிரியை மேசையில் ஓங்கி அடித்தாள்.

வாசலில் கூரியர்காரரின் வண்டிச் சத்தம் கேட்டது. சண்டை அந்தரத்தில் நின்றது. ‘ஒன்று குறைகிறது, ஒரு வாரம் தவணை தந்து உதவவும்’ என்று கதாசிரியை அவசரமாக ஒரு கடிதம் எழுதிக் கைப்பிரதிக் கட்டுக்குள் செருகினாள். மூவரும் தடதடவென்று படியிறங்கினார்கள்.

வாசலில் வீட்டுக்காரம்மா, கையில் பருத்த உறையோடு நின்றிருந்தார்.

“அக்கா, உங்களுக்கும் கூரியரா? எங்கே?” என்றாள் கதாசிரியை.

“உங்க பதிப்பகத்துக்குத்தான். அந்த விளம்பரத்தை நானும் பார்த்தேன்மா. ஊரைத் திட்டித் திட்டிச் சேர்த்த சரக்கு என்கிட்ட இல்லையா? ஆனா தொண்ணூத்தேழுல நின்னு போச்சு. நான் வாயைத் திறந்தா நீங்க எழுதிக்குவீங்களேன்னு ஒரு மாசமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“அப்ப மீதி மூணு?” என்றாள் பாடகி ஈனசுரத்தில்.

“இப்பத்தான் மாடியில கேட்டுது. பின்னல், பல்வரிசை, நாக்கு முடிச்சு. எங்கம்மாவுக்கு அப்புறம் யார் வாயிலயும் கேட்டதில்ல கண்ணுகளா! நீங்க ஊரெல்லாம் கேட்டீங்க, ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கலையே.”

கதாசிரியை செருகிய கடிதத்தை வெடுக்கென்று உருவினாள்.

“விண்ணப்பப் பாரத்துல வசவைச் சொன்னவங்க பேரு, வயசு எல்லாம் கேட்டிருக்காங்க. பேரைச் சரியா எழுதிட்டேன். வயசைத்தான் ஒரு குத்துமதிப்பா, மூணு பேருக்கும் எழுபதுன்னு போட்டுட்டேன்” என்ற வீட்டுக்காரம்மா, அவர்கள் கை நீட்டுவதற்குள் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, அழுத்தி ஒட்டி, கூரியர்காரரின் பைக்குள் போட்டார்.