பதினான்காவது வாரம்

அந்த வருடம் ஈப்போவில் வியாழக்கிழமை மாலைதோறும் அகதா ஒரு தொலைக்காட்சி நாடகம் பார்த்தாள். மருமகளை நர்ஸ் வேலைக்குப் போகவிடாத மாமியாரின் கதை. அகதாவும் ஒரு காலத்தில் தன் மருமகள் எல்ஸியை அப்படித்தான் வீட்டோடு நிறுத்தி வைத்திருந்தாள். எல்ஸி கெஞ்சாத நாளில்லை. கல்யாணமான இரண்டாம் வருடம் பிரசவத்தில் பிள்ளையோடு இறந்துபோனாள். மகன் செபாஸ்டியன் அம்மாவைத் தனியே விட்டுவிட்டு ஆயர் தாவாருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

நாடகம் பதின்மூன்று வாரத்தோடு முடிந்தது. அடுத்த வியாழன், "இன்னைக்கு வேற என்னமோ போடுறான்லா, ஆண்ட்டி" என்று பக்கத்து வீட்டு ஆலிஸ் வேலியோரம் வந்து சொன்னாள்.

அகதா வீட்டில் மட்டும் பதினான்காவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் நடிகைகள் யாரும் இல்லை. வெள்ளைச் சீருடையில் எல்ஸி நின்றிருந்தாள்.

"வேலைக்குப் போயிட்டு வரட்டுமா, மாமி?"

போகாதே, இங்கேயே இரு என்றுதான் அகதாவுக்கு வாய்வரை வந்தது.

"போயிட்டு வாம்மா."

எல்ஸி குனிந்து காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு திரையை விட்டு நகர்ந்தாள். சற்றுப் பொறுத்து, அகதா வீட்டு முன்கேட் திறந்தது. யாரோ வெளியிலிருந்து பதமாகக் கொக்கியைப் போட்டார்கள்.