பாம்புக்கும் விரதம்

குருசாமி கற்பூரத் தட்டை என் பக்கம் நீட்டிய நேரத்தில் மணி என் வலது கையைக் கவ்வியது.

மணி என்பது நான் வளர்த்த மலைப்பாம்பு. ஆறடி. மூன்று வருடத்தில் யாரையும் கடித்ததில்லை.

செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடும் எட்டு அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே ஒரு குளியலறையில் மணி முழ நீளக் குட்டியாகக் கிடைத்தது. பதினைந்து நாளுக்கு ஒரு கோழிக்குஞ்சு போட்டு வளர்த்தேன்.

சபரிமலைக்கு மாலை போட்ட அன்று அதை நிறுத்தினேன். எனக்கு விரதம் என்றால் அதற்கும் விரதம் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தேன். பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஜனங்கள் வந்து பார்த்தார்கள். சிலர் அதன் தலையில் விபூதி வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தொண்ணூற்றாறு மார்கழி முதல் தேதி சாயங்காலம் எங்கள் வீட்டில் பூஜை. பன்னிரண்டு சாமிகள் வந்திருந்தார்கள், தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். எல்லாரும் கேட்டார்களே என்று மணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். அதன் தலை மெல்ல என் கைப்பக்கம் இறங்கியது. நாக்கை நீட்டி நீட்டி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

அப்புறம்தான் கவ்வியது. கவ்விய வேகத்தில் கையைச் சுற்றிக்கொண்டது.

இழுக்க இழுக்க இறுக்கியது. சரணம் நின்றுபோனது. சாமிகள் சுவரோரம் ஒண்டினார்கள். நான் 'அம்மா அம்மா' என்று கத்தினேனாம்.

என் மனைவி சந்திரகலாதான் கிட்டே வந்தாள். அவள் இழுக்கவில்லை. வாலைப் பிடித்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். அதன் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். வாய் விட்டது. அதைத் தூக்கிப்போய்ப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

பல் பட்ட இடத்தைப் பார்க்கக் குனிந்தாள். குனிந்த முகம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

வாசனை அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மதியம் நாலாம் நம்பர் அறையைக் காலி செய்தவர்கள் மேஜைமேல் ஒரு பொட்டலத்தை விட்டுப் போயிருந்தார்கள். வறுத்த கோழி, பாதி தின்று வைத்தது. கேட்டில் 'சைவம் மட்டும்' என்று போர்டு எழுதி மாட்டியவன் நான். கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் கருப்பு வேட்டி, விரதத்தில் முப்பத்தோராவது நாள். கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே தின்றேன். யாரோ கடித்த எச்சில் என்றுகூடப் பார்க்கவில்லை. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். போதும் என்று நினைத்தேன்.

சந்திரகலா உள்ளே போய் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தாள். காயத்துக்கு ஒரு சிட்டிகை போதும். அவள் விரல் இடுக்கில் தொடங்கி முழங்கை வரை அப்பினாள்.

குருசாமி பெயர் இராமலிங்கம். பதினெட்டு வருடம் மலை ஏறியவர். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சுத்தம் கெட்ட எடத்துலதான் இப்டி நடக்கும். வூட்ல தீட்டு எதனா இருக்குதா?"

மாலை போட்டவன் வீட்டில் மாதவிலக்கான பெண் இருக்கக் கூடாது. பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் எல்லாக் கண்ணும் சந்திரகலாமேல் போய் நின்றது.

'நான்தான் சாமி' என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மாலையைக் கழற்றியிருப்பார்கள், தெரு ஒரு மாதம் சிரித்திருக்கும். நான் மஞ்சள் அப்பிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க சாமி," என்றாள் சந்திரகலா. "காத்தாலேர்ந்து. பூஜை நின்னுடுமேனு சொல்லாம இருந்துட்டேன்."

பெண்கள் முந்தானையை இழுத்துக்கொண்டு விலகினார்கள். வாயில்லா ஜீவனுக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியவில்லையே என்று பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். மத்தியானத்திலிருந்து அடுப்படியில் நின்று சந்திரகலா செய்த சர்க்கரைப் பொங்கலை இரண்டு பேர் அண்டாவோடு தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்கள்.

அவள் இரண்டு புடவையை ஒரு பையில் வைத்துக்கொண்டாள். அடி அண்ணாமலையில் அவள் அக்கா வீடு இருக்கிறது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். மாலை போட்டதிலிருந்து அவளும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டாள்.

"கைய நனைக்காதீங்க சாமி," என்றாள்.

புருஷன்மேல் எவ்வளவு அக்கறை என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை நேரம் இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். அவமானத்தால் கூப்பிடவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். எனக்குப் பயம்.

அந்த வருடம் ஆடியில் வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்து சந்திரகலாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். குடலிறக்கம் என்று தெருவுக்குச் சொல்லிவைத்தோம். பத்து நாள் அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தவன் நான். அவளுக்கு இனி அந்த மூன்று நாள் என்பதே கிடையாது என்று அந்தக் கூடத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வீடு முழுக்கத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள். குருசாமி சரணத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நானும் சேர்ந்து சொன்னேன்.