நீலத் தெரு

இருந்தவர்கள்: திட்ட அதிகாரி. அவருக்குக் குடை பிடித்த கவுன்சிலரின் மச்சான். அவள். அவள் இடுப்பில், வேர்க்குரு வெடித்த பிள்ளை. வீட்டுக்குள், சுவரில், மாலையோடு அவள் புருஷன் தணிகாசலம்.

உச்சி வெயில்.

வெயில் தாங்காதவர்கள் பகலில் வந்து படுக்க, சர்க்கார் கட்டும் ஒரு ஏசி கூடம். வார்டுக்கு ஒன்று. எங்கே கட்டுவது என்று மெஷின் சொல்லும். வானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து அதுவே கற்றுக்கொண்டதாம்.

அதிகாரி டேப்லெட்டில் மெஷின் போட்ட வரைபடத்தைக் காட்டினார். சூடு சிவப்பு. குளிர்ச்சி நீலம்.

அவள் தெரு நீலம்.

ஐடி கம்பெனியின் கார் நிறுத்துமிடம் சிவப்பு. கூடம் அங்கே.

"கம்ப்யூட்டரே சொல்லுது, உன் தெரு ஊட்டியாம். குடுத்து வெச்சவ நீ." மச்சான் குடை குலுங்கச் சிரித்தான்.

அந்தக் கார்களுக்குத்தான் தணிகாசலம் ராக்காவல் இருந்தான். பகலில் வந்து இந்தத் தகரக் கூரைக்குக் கீழே தூங்கினான். போன சித்திரையில் ஒரு மத்தியானம் எழுந்திருக்கவில்லை.

தகரமும் சர்க்கார் கொடுத்ததுதான். குடிசைகள் எரிந்த பிறகு.

"தகரம் பளபளன்னு இருந்தா மேலேருந்து பாக்க ஜில்லுன்னுதாம்மா தெரியும்," என்றார் அதிகாரி. "மெஷின் அதை அப்படியே நம்பிடுச்சு. எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா மாத்துங்க சார்."

"ரிப்போர்ட் மேல போயாச்சும்மா."

தெரியும் என்கிறான். தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

பிள்ளை காலையிலிருந்து அழவில்லை. அழுதால்கூடத் தேவலாம். கூடம் வந்தால் இதாவது பிழைக்கும் என்று இருந்தாள்.

நேரில் வந்து பார்த்ததற்குச் சாட்சியாக, வீட்டுக்குள் நின்று ஒரு போட்டோ வேண்டும் அவருக்கு.

மச்சான் காருக்குப் போய்விட்டான். கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, சாய்ந்திருந்தான்.

அதிகாரி குனிந்து உள்ளே போனார். பின்னாலேயே அவளும். அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். சட்டைப் பட்டன் ஒன்றைக் கழற்றினார்.

"ஃபேனைப் போடும்மா."

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"உக்காருங்க சார். ஊட்டிதானே."

பிள்ளையோடு அவள் வெளியே வந்தாள். தகரக் கதவைச் சாத்தினாள். கை சுட்டது. நாதாங்கியை இழுத்து, பூட்டை மாட்டி, சாவியைத் திருகினாள்.