கிரிகரி நீந்திய ஆறு

ஜெபமாலை முடிந்து மைலோவும் பிஸ்கட்டும் சுற்றுக்கு வந்தபோதுதான், பட்டாளத் தொப்பி போட்ட அந்தப் பெரியவர் கூடாரத்துக்குள் நுழைந்தார்.

பெயர் ரெங்கசாமி. சுங்கை பூலோவிலிருந்து வந்திருந்தார். கிரிகரியோடு ஒரே முகாமில் இருந்தவர்.

புருஷன் கிரிகரியின் சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்த கெர்ட்ரூட் முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

காரணம் இருந்தது.

கிள்ளானில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த புதிதில், எதிர்வீட்டு எவலின் தன் போலீஸ்கார அண்ணன் வாங்கிய பதக்கத்தைப் பற்றி வேலியைப் பிடித்துக்கொண்டு பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். கெர்ட்ரூடும் எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? நின்ற இடத்திலேயே கிரிகரியைப் பகாங் காட்டுக்குள் அனுப்பி, வெள்ளம் புரண்ட ஆற்றில் இறக்கி, குண்டடிபட்ட இரண்டு பேரைச் சுமந்துகொண்டு நீந்த வைத்துவிட்டாள்.

உண்மையில் கிரிகரி பட்டாளச் சேவை முழுக்கச் சப்பாத்து ஸ்டோரில் இருந்தார். யார் காலுக்கு எந்த அளவு என்று பார்த்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததைத் துடைத்து அடுக்குவதும்தான் அவர் செய்த யுத்தம். நீச்சலா? போர்ட் கிள்ளானில் படகு ஏறினால் கரை வரும்வரை கம்பியை விடமாட்டார்.

எவலின் காதில் விழுந்தது எங்கே நிற்கும்? மறுநாளே மாமாக் டீக்கடை வரை போய்விட்டது. வருடம் போகப் போக ஆற்றில் ஒரு முதலையும் வந்து சேர்ந்தது.

யாராவது கேட்டால் கிரிகரி தலையைக் குனிந்துகொண்டு தே தாரிக் டீயைக் குடிப்பார். உண்மையான வீரன் பெருமை பேசமாட்டான் என்று தெருவே உருகியது. வீட்டில் அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. கெர்ட்ரூடுக்கும் கேட்கத் தைரியம் வந்ததில்லை.

இப்போது எவலின் மைக்கை ரெங்கசாமியின் கையில் திணித்தாள்.

"கூட இருந்தவர் நீங்க. அந்த ஆத்துக் கதைய உங்க வாயால கேக்கணும் லா அங்கிள்."

பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. அவர் உள்ளதைச் சொன்னால் போதும், நாளைக்குக் கல்லறை வரை தெரு சிரித்துக்கொண்டே வரும். கரண்ட் போகட்டும் என்று கெர்ட்ரூட் மாதாவிடம் மன்றாடினாள்.

கரண்ட் போகவில்லை.

ரெங்கசாமி தொண்டையைச் செருமினார். பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பகாங் காட்டைச் சொன்னார். வெள்ளத்தைச் சொன்னார். வலது தோளில் ஒருத்தர், இடது தோளில் ஒருத்தர் என்றார். முதலையைக்கூட விடவில்லை.

எவலின் தேம்பினாள். போலீஸ்கார அண்ணன் பேச்சே அன்றைக்கு எழவில்லை.

மைக்கைக் கொடுத்துவிட்டு வந்த ரெங்கசாமி, துக்கம் விசாரிப்பவர்போலக் கெர்ட்ரூடின் பக்கம் குனிந்தார்.

"சரியா சொன்னேனா தங்கச்சி? ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே கிரிகரி ரெண்டு தடவ என்னை ஒப்பிக்க வச்சான். எம் பொண்டாட்டி சொன்ன கதை, ஒரு சொல்லு மாறக்கூடாதுன்னான்."